பதின்மூன்றில் ஏழு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மில்லர்புரத்தில் என் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசையருகே நான். ஜன்னலோர நாற்காலியில் கிருபாபாய். துறைமுகச் சாலையில் பைக் மோதி இறந்த டயானாவின் தாய். எதிர் நாற்காலியில் இசக்கியம்மாள். அந்த பைக்கை ஓட்டிவந்து அதே இடத்தில் செத்த சிவப்பிரகாஷின் தாய். அவளுக்குப் பின்னால், உட்காரச் சொல்லியும் உட்காராமல், மூத்த மகன் செந்தில்முருகன். வாசலை ஒட்டிய பெஞ்சில், அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டும் டிரைலர் டிரைவர் ஆறுமுகநயினார்.

அந்தச் சாலையிலுள்ள மதுக்கடையை அகற்றக் கோரி கலெக்டருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதில் வந்திருந்தது. இரண்டு வருடத்தில் உயிர் போன விபத்துகள் பதின்மூன்று; குடியால் நடந்தது ஒன்று. மற்றதெல்லாம் அதிவேகம், கவனக்குறைவு. டயானா பெயருக்கு நேரே, ‘பாதசாரி கவனமின்றிக் குறுக்கே வந்தது’ என்றிருந்தது. வீடு வீடாகப் போய் நானே விசாரித்தேன். அந்த ஒன்றையும் சேர்த்து ஆறு விபத்துக்கு, ஓட்டியவன் குடித்திருந்தான் என்று அவனவன் வீட்டாரே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“குடிச்சிட்டு ஒழுங்கா வீடு போய்ச் சேந்தவன எந்தக் கணக்குல எழுதுவிய அண்ணாச்சி?” என்றார் ஆறுமுகநயினார்.

“கலெக்டர் அதக் கேட்டா, சாட்சிக்கு உம்மையே கூட்டிட்டுப் போறேன்,” என்றேன்.

கிருபாபாய் சிரிக்கவில்லை.

“எம் மவன் குடிச்சிருந்தான். எழுதுங்க,” என்றாள் இசக்கியம்மாள்.

“யம்மா, வாய மூடு. செத்தவன் பேர நாறடிக்கியா?” என்றான் செந்தில்முருகன்.

“அந்தப் பிள்ள மேல பழி கெடக்குல்லா? நீதானல அவனுக்கு ஊத்திக் குடுத்து, சாவியையும் கையில குடுத்த!”

அறைந்தான். அவள் நாற்காலியோடு சரிந்தாள். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். மனுவைக் கிழிக்கப் பாய்ந்தான். நான் விடவில்லை. என் வலது கையை மேசை விளிம்பில் வைத்து மடக்கினான். இரண்டு விரல்கள் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. பின்னாலிருந்து கழுத்தை வளைத்த ஆறுமுகநயினாரை உதறிச் சுவரில் தள்ளினான்.

கிருபாபாய் எழுந்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்து அவன் நெற்றியில் அடித்தாள். முழங்கால் மடங்கி விழுந்தான். மறுபடியும் அடித்தாள்.

“ஓரமா நின்னவல, எம் பிள்ள! ஓரமா நின்னவ!”

மூன்றாவது அடிக்குக் கை ஓங்கும்போது இசக்கியம்மாள் தவழ்ந்து வந்து மகன் தலைமேல் கவிழ்ந்தாள். அடி அவள் தோளில் விழுந்தது.

“போதும் ஏளா. எனக்கு இவன் ஒருத்தன்தான் மிச்சம்.”

செம்பு கீழே உருண்டது. தாயின் மடியில் ரத்தம் வழியக் கிடந்த செந்தில்முருகன், “நாந்தான் சாவி குடுத்தேன்,” என்று விம்மினான்.

“அதையும் எழுதுங்க,” என்றாள் இசக்கியம்மாள்.

நான் சொல்லச் சொல்ல ஆறுமுகநயினார் எழுதினார். ஏழாவது வாக்குமூலத்தில் இசக்கியம்மாள் கையெழுத்திட்டாள், சாட்சியாகச் செந்தில்முருகன். ‘டயானா மீது தவறு எதுவும் இல்லை’ என்ற வரியைக் கிருபாபாய் இரண்டு முறை படித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தபால் ஆபீஸில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கிருபாபாயே உறைக்குப் பசை தடவி, மடிப்பை ஓரம்வரை அழுத்தி ஒட்டி, கவுண்டரில் நீட்டினாள். ஸ்பீடு போஸ்ட் முத்திரை விழும்வரை நகரவில்லை.