எதிர்ப்பக்க வளைவு

“நான் சாயல மேடம். பஸ் திரும்புது, நான் நேராப் போயிட்டிருக்கேன். இயக்கத்தோட முதல் விதி.”

“திரும்புற பஸ்ஸுக்குள்ள உக்காந்துக்கிட்டு முதல் விதி பேசக் கூடாது சார். இங்க அது அப்படியே செல்லாது. போலி விசைன்னு ஒண்ணைச் சேர்த்துக்கணும்.”

“அப்போ போலி விசை தள்ளிச்சுன்னு வெச்சுக்கங்க.”

மூன்று வருடங்களுக்கு முன், கல்லூரிப் பேருந்தில் அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இது. அவர் இயக்கவியல் நடத்துபவர். அவள் அணுவும் ஒளியும் நடத்துபவள். ஒரே துறை, ஒரே இருக்கை. அவள் இடதுபுற ஜன்னலோரம். தண்ணீர்த் தொட்டியருகே பேருந்து வலப்பக்கம் திரும்பும். அவர் தோள் இடப்பக்கம் வந்து அவள் தோளில் இடிக்கும். “விதி” என்பார். “போலி” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வந்ததில்லை. வரும் என்ற நம்பிக்கையில்தான், அம்மா கொண்டுவந்த வரன்களையெல்லாம் அவள் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்திருந்தாள்.

இன்றோடு அந்த இருக்கைக்கும் முடிவு. திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு ஊரின் மறுகோடியிலுள்ள கிளைக் கல்லூரிக்கு மாற்றல். வண்டி ஏறியதிலிருந்து அவர் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

தொட்டியருகே குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். பேருந்து வழக்கமான வழியை விட்டு இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது. பைகள் சரிந்தன. முன்னால் தூங்கிக்கொண்டிருந்த நூலகர்கூட வலப்பக்கம் சாய்ந்தார். முன் சீட்டுக் கம்பியில் அவள் மாட்டியிருந்த சாவிக்கொத்தும் வலப்பக்கம் ஆடியது. அவர் மட்டும், பழக்க தோஷத்தில், இடப்பக்கம் சாய்ந்து அவள் தோளில் வந்து நின்றார்.

அவள் சாவிக்கொத்தைப் பார்த்தாள். பிறகு அவரை. அவரும் சாவிக்கொத்தைப் பார்த்துவிட்டார். காது சிவந்தது.

“சார், பஸ் எந்தப் பக்கம் திரும்புச்சு?”

“அந்த விதிக்கும் ஒரு எல்லை இருக்குல்ல மேடம். ரொம்பச் சின்னப் பொருளுக்குச் செல்லாது.”

“எழுபது கிலோ இருப்பீங்க. எலக்ட்ரான்னு நினைப்பா?”

“ஒளி வேகத்துக்குப் பக்கத்துல போனாலும்...”

“நம்ம டிரைவர் அண்ணனா? சைக்கிள்காரரே நம்மள முந்திட்டுப் போறாரு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“உங்களுக்கு விதி நல்லாவே செல்லும் சார். போலி விசை அந்தப் பக்கம் தள்ளுது, நீங்க இந்தப் பக்கம் வர்றீங்க. அப்போ நிஜமாவே ஏதோ ஒண்ணு இழுக்குது. இறங்குறதுக்குள்ள அது என்னன்னு சொல்லிடுங்க.”

வண்டி நேரானது. சாவிக்கொத்து ஆட்டம் அடங்கித் தொங்கியது. அவர் நகர்ந்து உட்காரவில்லை.

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து, அம்மாகிட்ட நம்ம கல்யாணத்தைப் பத்திப் பேசட்டுமா?”