அரைச் சுற்று

அரங்கசாமி ஐயா நாலாவது தடவையாக வேனைக் கொண்டுவந்து பட்டறை முன்னால் நிறுத்தியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நின்ற இடத்திலேயே வண்டி குளிர்காய்ச்சல் கண்ட மாதிரி உதறியது.

"ஏனுங்கய்யா, போன வாரந்தானுங்க பாத்து உட்டேன்?"

"ஓடுறப்ப ஒண்ணுமில்லீங்க தம்பி. சிக்னல்ல நின்னாத்தான் ஆடுது. அவளால தாங்க முடியறதில்ல."

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, பின்னால் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் தன் கையாலேயே அமைத்திருந்தார். மனைவி பங்காரம்மாவோடு ஊர் ஊராகச் சுற்றுவதாகத் திட்டம். போனது வால்பாறைக்கு ஒரே ஒரு தடவை. அப்புறம் அந்தம்மாவுக்குப் புற்றுநோய். எலும்பு வரைக்கும் போய்விட்டது. மதுக்கரைக்கும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும்தான் வேன் ஓடியது. மகள் ஹர்ஷிணி ஓட்டுவாள். இவர் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வண்டி நிற்கும்போதெல்லாம் அந்தம்மாவின் இடுப்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வாராம்.

மூன்று தடவையும் நான் செய்தது ஒரே வேலை. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிட்டு, "சரியாப் போச்சுங்க" என்று அனுப்பினேன். நாலு நாளில் பழையபடி ஆடும். இன்ஜின் எங்கேயோ ஓட்டை வழியாகக் காற்று இழுக்கிறது என்று முதல் நாளே சந்தேகம் இருந்தது. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்; பார்க்க வேண்டுமானால் சீட்டைத் தூக்க வேண்டும். சீட்டோடு சேர்த்து ஐயா அடித்திருந்த பாத்திரப் பெட்டிக்குப் பதினாறு ஸ்க்ரூ. சோம்பேறித்தனம், வேறென்ன.

"ஆஸ்பத்திரில நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க தம்பி. இனி வைத்தியம் இல்லையாமா. இந்த ஒருக்கா ஆடாம வந்தாப் போதும்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு சர்க்கரை டப்பா. சீட்டைத் தூக்கினால், விரல் நீள ரப்பர் குழாய் ஒன்று கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டு வெடிப்பை விரலால் அடைத்ததும் உதறல் அடங்கிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. புதுக் குழாய் போட்டு, நான் ஏற்றிவைத்த ஸ்க்ரூவையும் இறக்கிவிட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஐயா வந்ததும் ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பிப் படுக்கைமேல் வைத்து, ஸ்டார்ட் செய்தேன். தண்ணீர் அசையவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அட! அவகிட்டச் சொல்லோணும்" என்று சிரித்தார்.

அப்போதுதான் ஹர்ஷிணி ஃபோன் பண்ணினாள். அவர் காதில் வைத்துக் கேட்டார். ஃபோனை என்னிடம் நீட்டினார். "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்று அழுதாள்.

ஐயாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிப் போனேன். அந்தம்மாவை அதே படுக்கையில்தான் கிடத்திக் கொண்டுவந்தோம். ஹர்ஷிணி முன்சீட்டில் அழுதுகொண்டே வந்தாள். உக்கடம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஐயா துணியை விலக்கி, அந்தம்மாவின் இடுப்புக்கு அடியில் உள்ளங்கையைச் செருகினார்.

"ஆடலீங்கய்யா" என்றேன்.

"தெரியுது சாமி" என்றார்.

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கையை அவர் எடுக்கவில்லை.