நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?

கில்டரா ஊரில் கில்ஹூலி பப்பில் இன்றைக்கும் ஏதாவது விசேஷம் என்றால் அந்தக் குடும்பத்துக்காரர்கள் பிலோமினா கதையை எடுத்து விட்டுவிடுவார்கள். ஆளுக்கு ஒரு தினுசாகச் சொல்வார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பேரன் அதில் ஒரு வெள்ளைக் குதிரையைக்கூடச் சேர்த்துவிட்டான். குதிரையாவது கழுதையாவது, சைக்கிள்தான். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அயர்லாந்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புண்ணியவான் போட்டானோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க்காரனுக்கு பப்பில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. ஆனால் மூன்று மைலுக்கு அப்பால் தூங்கி எழுந்து வருகிற வழிப்போக்கனுக்குத் தாராளமாக ஊற்றலாம், பாவம், நா வறண்டு வந்திருப்பான். அப்புறம் என்ன? காலைப் பூசை முடிந்ததும் கில்டரா ஆண்கள் மொத்தப் பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு டிரம்கீலுக்குப் போவார்கள். டிரம்கீல் ஆண்கள் மொத்தப் பேரும் கில்டராவுக்கு வருவார்கள். பாலத்து மேல் இரண்டு கூட்டமும் எதிரும் புதிருமாக வந்து, தொப்பியைத் தூக்கி நலம் விசாரித்துக்கொண்டு போகும். அந்த அளவுக்குக் கால் வலிக்க மிதிக்க முடியாதவர்கள் பொய் சொல்வார்கள்.

வாசலில் நின்று விசாரிக்கிற வேலை பிலோமினாவுடையது. கடைக்காரர் கில்ஹூலியின் ஒரே மகள், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். "நேத்து ராத்திரி எங்க தூங்குனீங்க?" என்று வருகிற ஒவ்வொருவனையும் கேட்க வேண்டும். தூரத்து ஊர் எதையாவது சொன்னால் உள்ளே விட வேண்டும். நம்பி விட்டால் கடைமேல் குற்றமில்லை, பொய்யென்று தெரிந்தே விட்டால் லைசென்ஸுக்கு ஆபத்து. அதனால் எவன் எங்கே தூங்குகிறான் என்பதை அவள் காதில் போட ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது. அவளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

வினை அங்கேதான் பிடித்தது.

அறுவடை முடிந்த சமயம் புதிதாக ஒருவன் வந்தான். நெட்டையான ஆள். பேசத் தொடங்கினால் காது இரண்டும் சிவந்துபோகும். "டிரம்கீல். பேரு ஓவன் கேஸி" என்றான். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறவில்லை. மற்றவர்கள் உள்ளே போய் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் கத்திக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஒரே ஒரு கிளாஸ் கறுப்பு பீரோடு வாசலோரமாகவே நிற்பான். சாயங்காலமாகியும் அந்தக் கிளாஸ் பாதிகூடக் குறைந்திருக்காது. அவள் பொய்க்காரர்களை மடக்குவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பான். மார்கழிக் குளிரில் அவன் சைக்கிள் மணி கேட்டால் போதும், பிலோமினாவுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். மனுஷன் வாயைத் திறந்து ஒன்றும் சொன்ன பாடில்லை. இவளும் கேட்கவில்லை.

இதற்குள் மாட்டுத் தரகர் ப்ரெஹனி பெண் கேட்டுவிட்டார். தவக்காலம் தொடங்கினால் கல்யாணம் கிடையாது, அதனால் அப்பா அவசரப்பட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்மா. நெலம் இருக்கு, மாடு இருக்கு, கல்லு வீடு இருக்கு."

"பல்லு இல்லையேப்பா."

"பல்லு கட்டிக்கலாம். நெலத்தைக் கட்டிக்க முடியுமா?"

பிலோமினா சனிக்கிழமை நல்ல கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு டிரம்கீலுக்கு சைக்கிளை மிதித்தாள். ஓவன் கேஸி எப்படிப்பட்டவன், எந்த வீடு, கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டாள். மானம் போனால் போகட்டும்.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று. கில்டராவுக்குப் புதிதாக வந்திருந்த போலீஸ் சார்ஜென்ட் டூஹி, ஞாயிற்றுக்கிழமை வழிப்போக்கர்கள் சொல்கிற விலாசம் நிஜமா என்று ஆள் விட்டு விசாரிப்பதாக ஒரு பேச்சு. அவளை வாசலில் பார்த்துப் பழகிய ஆண்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள், ஊரில் இருந்தது பப் பக்கமே போகாத கொல்லரும் பெண்களும் கிழவர்களும்தான். கோட்டும் தொப்பியுமாக ஒரு அயலூர்ப் பெண் வந்து இறங்கினதும், சார்ஜென்ட் விட்ட ஆள்தான் என்று டிரம்கீலே உஷாராகிவிட்டது.

"ஓவன் கேஸின்னு..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே கொல்லர் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"ஓவனா? நேத்து ராத்திரி இங்கதான் தூங்குனான். கொறட்டை எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

"நான் அதைக் கேக்கலையே."

"நீங்க கேட்டாலும் கேக்கலன்னாலும் அவன் தூங்குனது இங்கதான்."

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

கொல்லர் யோசித்தார். அப்படி ஒருவனை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எவனோ ஒரு பாவப்பட்ட குடிகாரன் நம் ஊர் பேரைச் சொல்லிப் பிழைக்கிறான், காட்டிக் கொடுக்கலாமா? கட்டைப் பிரம்மசாரி என்றால் எங்கே வேண்டுமானாலும் படுப்பான், குடும்பஸ்தன் என்றால்தான் நம்புவார்கள்.

"பொண்டாட்டி, ஆறு பிள்ளைங்க. அத்தனை பேரையும் விட்டுட்டு எங்க போய்த் தூங்குவான், சொல்லுங்க?"

பிலோமினா சைக்கிளை அங்கேயே போட்டாள். எதிரே மளிகைக் கடைக்கு ஓடினாள். "ஓவன் கேஸிக்கு ஆறு பிள்ளைங்களா?"

"யாரு சொன்னது ஆறுன்னு? ஏழு" என்றாள் கடைக்காரி, ஒரு கணம்கூடத் தயங்காமல். "கடைசிக் கொழந்தைக்கு நான்தான் ஞானத்தாய். அப்பன் மூக்கு அப்படியே."

அவள் அழுதுகொண்டே சைக்கிளில் ஏறினாள். வேலியோரம் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், அவள் ஒன்றுமே கேட்காதபோது, "ஓவன் நேத்து இங்கதாம்மா தூங்குனான்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். ஏழு பிள்ளை பெற்றவனுக்கு என் வாசலில் என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கிறது? கோபத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "நாளைக்குச் சாயங்காலம் ப்ரெஹனிக்கு ஆள் அனுப்புங்க. சரின்னு சொல்லிடுங்க."

மறுநாள் சார்ஜென்ட் டூஹி மத்தியானமே வந்து கணப்பு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சீருடையில், கையில் எலுமிச்சை ஜூஸ். பப் முழுக்கக் கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணி கேட்டது.

"நேத்து ராத்திரி எங்க தூங்குனீங்க?" என்றாள் பிலோமினா. குரலில் ஐஸ் கட்டி.

"டிரம்கீல்" என்றான், காது சிவக்க.

"ஏழு பிள்ளைங்களும் சௌக்கியமா?"

"எத்தனை?"

"கடைசிக்கு அப்பன் மூக்காமே. பொண்டாட்டி எப்படி இருக்கா?"

அவன் அவளைப் பார்த்தான். உள்ளே சார்ஜென்டைப் பார்த்தான். கில்ஹூலி கவுண்டருக்குப் பின்னால் நின்று 'வாயைத் திறக்காதே' என்று கை ஜாடை காட்டினார்.

"உண்மையைச் சொல்லுங்க" என்றாள் அவள். சண்டைக்குத்தான் வாயைத் திறந்தாள், வந்தது அழுகை. "எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். சாயங்காலம் ப்ரெஹனிக்குச் சரின்னு சொல்லப் போறாங்க."

அவ்வளவுதான். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"மாவு மில்லு பரண்ல தூங்குனேன், அறுவடைக்கு அங்க வேலைக்கு வந்தவன். இங்கேர்ந்து கூப்பிடு தூரம், சைக்கிள் சும்மா வேஷம். டிரம்கீல் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. பொண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது. இந்தக் கறுப்பு பீரை எனக்குக் கண்டாலே ஆகாது. வாரத்துல ஒரு நாள் உங்க பக்கத்துல நிக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

பிலோமினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் சார்ஜென்ட் எழுந்துவிட்டார்.

"கில்ஹூலி, உள்ளூர்க்காரன். வாசல்லயே ஒத்துக்கிட்டான். இவனுக்கு இத்தனை நாளா ஊத்தியிருக்கீங்க. கூப்பிடு தூரத்துக்காரனை வழிப்போக்கன்னு நம்புனோம்னு சொன்னா யார் ஒத்துக்குவா?"

கில்ஹூலி முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிலோமினா குறுக்கே போய் நின்றாள்.

"சார்ஜென்ட் ஐயா, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஊத்திக் குடுக்க எந்தச் சட்டமும் தடை சொல்லாது, இல்லையா?"

"சொல்லாது. இவர் என்ன விருந்தாளி?"

"என்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்கார். அறுவடையிலேர்ந்து ஞாயித்துக்கிழமை தவறாம வர்றார். அப்பா பாத்துட்டுத்தானே இருக்கார்."

சார்ஜென்ட் திரும்பினார். "அப்படியா, கில்ஹூலி?"

பாவம் கில்ஹூலி. ஒரு பக்கம் ப்ரெஹனியின் நிலம், மாடு, கல் வீடு. இன்னொரு பக்கம் பாட்டன் காலத்துக் கடை. பப்பில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, உதட்டில் சிரிப்பு நிற்கிறது.

"ஆமா" என்றார் ஈனஸ்வரத்தில். "மாப்பிள்ளைதான்."

சார்ஜென்ட் ஒன்றும் முட்டாள் இல்லை. மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு, பிலோமினாவிடம் குனிந்தார்.

"ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை பேரு என்ன?"

பிலோமினா வாயைத் திறந்தாள். மூடினாள். ஓவன் கேஸி டிரம்கீல்காரன். டிரம்கீலே பொய் என்றால் அந்தப் பேரும் பொய்தானே.

"அதை அவரையே சொல்லச் சொல்லுங்க ஐயா" என்றாள். "எனக்கும் தெரியணும்."

பப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சார்ஜென்ட் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, குனிந்து அவள் காதோரம் இன்னொரு தரம் சொன்னான்.

"கார்மக் டோலன்."

பிலோமினா டோலன், என்று அவள் மெல்ல ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிடித்திருந்தது.