குளிர் முறிக்க

பிலோமியின் மண்டையை ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. சாராயத்தின் வாடைகூட அறியாத பிள்ளைகள், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன முதல் நாளே எப்படிக் குடிக்கப் பழகுகிறார்கள்?

அவள் அப்பா ஜேசுபாதம் ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். இப்போது ஈரல் கெட்டு, வயிறு வீங்கிப் பாயில் கிடந்தார். அவரிடமே கேட்டாள்.

"குளிர் முறிக்கத்தாம்ளா. மொத நாளு கூட்டாளிமாரு கையில கிளாஸைத் தருவாங்க. வேண்டாம்னா, நீயெல்லாம் ஆம்பளையாலேன்னு கேப்பாங்க."

தம்பி இனிகோவுக்கு அந்த முதல் நாள் வரும் திங்கட்கிழமை. அந்தக் கிளாஸ் அவன் கைக்கும் வரும்.

மதுவிலக்கை எடுத்துவிட்டு அரசாங்கம் சாராயக்கடைகளைத் திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலம் அது; அதுவரை கள்ளச்சாராயம். கோயில் இளைஞர் சங்கத்துக்கு பிலோமிதான் தலைவி. சங்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கடற்கரையில் மதுவை எதிர்த்து நாடகம் போட்டாள். குடிகாரனாக நடித்தவன் இனிகோ. சம்மாட்டி செல்வதுரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவருக்குச் சொந்தமான வள்ளத்தில்தான் இனிகோ ஏறப் போகிறான்.

"ஏலே, நாடகத்துலயே இப்படித் தள்ளாடுத! திங்கக்கிழமை நெசமாவே தள்ளாடலாம், வா!"

நாடகம் முடிந்ததும் கூட்டம் நேரே கடைக்குப் போயிற்று.

மறுநாள் பிலோமி கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து, என்னதான் நடக்கிறது என்று பார்த்தாள். கரைக்கு வந்தவர்களின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாடைக்காற்று ஊசியாய்க் குத்தியது. அரசாங்கச் சங்குக் கொட்டகையில் அதிகாரி ஒவ்வொரு சங்கையும் பலகை ஓட்டையில் விட்டு அளந்து முடிக்கும்வரை, ஈரக் கோவணத்தோடு வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். சாராயக்கடைக்குப் பின்னாலோ பனைமட்டை நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. ஈரம் காயப்போட ஒரு கொடிக்கயிறும் கட்டியிருந்தது. நெருப்புக் காயக் காசு வேண்டாம்.

"சாராயக்கடைக்காரனுக்குத் தெரிஞ்ச இரக்கம் நமக்குத் தெரியலையே" என்று சங்கத்தில் சொன்னாள்.

சனிக்கிழமை குருசடிக்கு முன்னால் நெருப்பு மூட்டிச் சுக்குக்காப்பி போட்டார்கள். சிலுவை முன்னால் மூட்டினால் ஆசீர்வாதம் என்று எண்ணினாள். கரையேறி வந்தவர்களோ தூரத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு சுற்றிப் போனார்கள். ஒருவர்கூட அண்டவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

ஞாயிறு பூசை முடிந்ததும் செல்வதுரையை மறித்துக் கேட்டாள். "ஏன் மாமா யாருமே வரல?"

அவர் நெளிந்தார். "கோவணத்தோட ஆண்டவரு முன்னால எப்படிளா குளிர் காய? போதாக்குறைக்கு நீயும் நாலு கொமரிகளும் வேற நிக்கீங்க!"

பிலோமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இது நமக்குத் தோணாமல் போயிற்றே!

"அப்ப கொட்டகைக்குப் பின்னால, பொம்பளையாளே இல்லாம இருந்தா?"

"வாரோம்னு சொல்லமாட்டேன். குளிரு என்ன சொல்லுதோ!"

திங்கட்கிழமை சங்கத்துப் பையன்கள் கொட்டகைக்குப் பின்னால் நெருப்பு மூட்டினார்கள். கொடிக்கயிறு கட்டி, உடம்பு துவட்ட வீடுவீடாக வாங்கிய உலர்ந்த துவர்த்துகளைத் தொங்கவிட்டார்கள். தலைவியே ஆனாலும் பிலோமி அங்கே போகக்கூடாது. குருசடியில் முழங்காலிட்டாள். மனம் செபத்தில் நிற்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு புகை, கொட்டகைக்குப் பின்னால் ஒரு புகை. இனிகோ எந்தப் புகைக்கு அடியில் இருக்கிறான்?

வெயில் சாயும் நேரத்தில் அவன் வந்தான். தலை காய்ந்திருந்தது. தோளில் அப்பாவின் பழைய துவர்த்து.

"கரையேறினதும் கையில கிளாஸைத் தந்தாங்க, அக்கா."

"வாங்கிட்டியா?"

"வாங்கினேன். நடுக்கத்துல பாதி மண்ணுல கொட்டிப்போச்சு. உடனே சம்மாட்டி, 'மொதல்ல குளிர் காயிலே, பொறவு குடிக்கலாம்'னு நம்ம நெருப்புக்குக் கூட்டிட்டுப் போனாரு. காஞ்சேன். காப்பி குடிச்சேன்."

"பொறவு?"

"பொறவு குளிரே இல்ல. எதை முறிக்க?"

பிலோமி அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையில் சூடு தட்டியது.

"சம்மாட்டி மாமா?"

"அவரு ரெண்டையும் குடிச்சாரு. ஆனா நாளைக்குக் காப்பியில கருப்பட்டி கூடப் போடச் சொன்னாரு."

அவள் குருசைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, கருப்பட்டி வாங்கக் கிளம்பினாள்.