தொண்டையைக் கொடுத்த மத்தியானம்

…இனி எழுந்து ஓடினால் நன்றாக இருக்காது, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார்கள், நாற்காலி வேறு பின்னால் சாய்ந்துகொண்டே போகிறது, என்ன நாற்காலி இது, தோலும் இரும்புமாக, ராஜா உட்கார வேண்டிய நாற்காலி, அட, ராஜாதானே நான், இன்று சாயங்காலம் திரை விலகினால் நான் ராஜா அல்லவா, என்று நினைத்ததுமே அவன் கைப்பிடிகளில் கைகளை அகலமாக வைத்துக்கொண்டான். இத்தனை வருஷமாக அந்த ஆப்பரா அரங்கில் அவன் வாயிற்காவலனாகப் பாடியிருக்கிறான், தூதுவனாகப் பாடியிருக்கிறான், ஒருமுறை கதவுக்குப் பின்னால் நின்று பேயாகக்கூடப் பாடியிருக்கிறான், முகமே தெரியாத பேய்… இப்போதுதான் முதல்முறையாக முழு நாடகமும் அவன் குரலை நம்பி நிற்கிறது. நேற்று ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் அவன் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "முதல் அங்கத்துல ராஜாவுக்குக் கல்யாணமே ஆகல. இவ்ளோ தாடியோட வந்து நின்னா பொண்ணோட அப்பான்னு நினைப்பாங்க, எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எடுத்துடுங்களாம், ஏதோ சட்டையில் ஒட்டின நூல் மாதிரி. காலேஜ் முடித்த வருஷம் விட்ட தாடி, எப்போதாவது ட்ரிம்மரை வைத்து மேலாக ஒரு ஓட்டு ஓட்டுவான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த சவரம், கழுத்துப் பக்கம் பிளேடு என்ற பேச்சுக்கே இடமில்லை, கை தவறிவிட்டால்? தொண்டை ஆயிற்றே, சோறு போடுகிற தொண்டை… இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது மனைவியின் அண்ணன்தான். "மாப்ள, வீட்ல உக்காந்து சொரண்டிக்காதீங்க, நான் போற சலூனுக்குப் போங்க, போய்ட்டு வந்து பேசுங்க" என்று தானே போன் பண்ணி நேரமும் வாங்கிக் கொடுத்துவிட்டார், மச்சான் சொன்னால் மறுக்க முடியுமா, அதுவும் வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது.

என்ன வாசனை இது, பூ இல்லை, ஏதோ மரம், மழையில் நனைந்த மரப்பெட்டி, கூடவே எலுமிச்சைத் தோல்… மூக்கு இப்படியெல்லாம் வேலை செய்யுமா, இவ்வளவு காலம் மூக்கு என்றால் அவனுக்கு மூச்சு இழுக்கிற ஓட்டை மட்டும்தான். கண்ணாடி அலமாரியில் பிரஷ்கள் தலைகீழாகத் தொங்கின, ஒவ்வொன்றும் கொழுத்த அணில் வால் மாதிரி. சவரக்காரர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு தோல்பட்டையில் கத்தியைத் தீட்டினார், சர்ர்… சர்ர்… என்ன நிதானம், எங்கள் இசை நடத்துநர் இவ்வளவு சீராகக் கையசைத்தால் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முடித்திருப்போமே! அவர் திரும்பியபோது மீசை மட்டும்தான் முதலில் தெரிந்தது. "என்ன வேலை பண்றீங்க சார்?" "பாடுறேன்." "கல்யாண வீட்லயா?" "இல்லீங்க, ஆப்பரா." கத்தரிக்கோல் தாடிக்குள் நுழைந்து நின்றது. "ரொம்ப நேரம் பாடிக்கிட்டே சாவாங்களே, அதுவா?" "அதேதான்." "நீங்களும் சாவீங்களா?" "கடைசி அங்கத்துல." "அப்போ சாயங்காலம் வரைக்கும் உங்களை உயிரோட வெச்சிருக்க வேண்டியது என் பொறுப்பு" என்று அவர் சிரித்த சிரிப்பில் துணிமேல் விழுந்திருந்த தாடிமுடியெல்லாம் எழும்பிப் பறந்தது. என் தாடி, போகிறது பார், கொத்துக் கொத்தாக, வருத்தமாக இருக்க வேண்டாமா, இல்லையே, சிரிப்புத்தானே வருகிறது… அப்புறம் ஆவி பறக்கிற துண்டு முகத்தில் இறங்கியது, இருட்டு, மூக்குநுனி மட்டும் வெளியே, ஐயோ சுடுகிறது, இல்லை, சுடவில்லை, இதமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள்… காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஏதோ ஒரு முடிச்சு மெல்ல அவிழ்ந்தது, அங்கே முடிச்சு இருந்ததா, யார் போட்டது, எத்தனை நாளாக இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன்?

பிரஷ் சுற்றிச் சுற்றி வந்தது, நுரை வெதுவெதுப்பாகக் கன்னத்தில் ஏறியது, இதற்குப் பெயர் சவரமா, இது தெரியாமல் இத்தனை வருஷத்தை வீணடித்தேனே, மச்சான் ஏன் முன்பே சொல்லவில்லை, சொல்லியிருப்பார், நான்தான் கேட்டிருக்கமாட்டேன்… முதல் இழுப்பு காதோரத்தில், சின்னக் கரகர, காகிதத்தை நகத்தால் கீறுவது மாதிரி, வலி இருக்கும் இருக்கும் என்று காத்திருந்தான், வரவே இல்லை, கத்தி போன வழியெல்லாம் காற்று புதிதாக வந்து உட்கார்ந்தது. சவரக்காரர் ஏதோ பழைய பாட்டை முனக ஆரம்பித்தார், சுருதி கீழே, கொஞ்சம் மேலே ஏற்றுங்களேன் ஐயா, அப்படியே கொஞ்சம்… சொல்லத் துடித்தது, வாயைத் திறந்தால் உதடு போய்விடும், சகித்துக்கொள், ராஜாக்கள் இதைவிடப் பெரியதையெல்லாம் சகித்திருக்கிறார்கள். முகவாயை இரண்டு விரல் தூக்கியது. "இப்போ மட்டும் எச்சி முழுங்காதீங்க சார்." முனகலும் நின்றுவிட்டது. கழுத்து… கத்தி கழுத்தின் நடுவில் நிற்கிறது, அதற்கு நேர் கீழே, ஒரு தோல் தள்ளி, என் குரல் இருக்கிறது, குளிர்காலத்தில் கம்பளித் துண்டு சுற்றி, ஐஸ் தண்ணீர் குடிக்காமல், சத்தமாகச் சண்டைகூடப் போடாமல் காப்பாற்றிய குரல், அதை இன்று வந்து ஒரு மீசைக்காரரிடம் நீட்டிவிட்டுப் படுத்திருக்கிறேன், பயந்து வேர்க்க வேண்டாமா? நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மைதான், ஆனால் திரைக்குப் பின்னால் நின்று, வெளியே வயலின்கள் சுருதி சேர்ப்பதைக் கேட்கும்போது அடித்துக்கொள்ளுமே, அந்த அடிப்பு, போ, போ, வெளியே போ என்று தள்ளுகிற அடிப்பு… கத்தி கீழிருந்து மேலே ஏறியது, நிதானமாக, அவன் கண்ணை மூடிக்கொண்டான், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குளிர்ந்த துண்டு வந்தது, படிகாரக் கட்டி வந்து சுரீர் என்றது, உள்ளங்கையில் ஏதோ லோஷனை ஊற்றிக் கன்னத்தில் இரண்டு தட்டு, "எந்திரிங்க ராஜா" என்று நாற்காலியை நிமிர்த்தினார் சவரக்காரர். கண்ணாடியில் யார் இது, மேல் பாதி வெயில் பட்ட நிறம், கீழ்ப் பாதி வெளுத்து, மொட்டை அடித்தது மாதிரி முகவாய், அதன் அடியில் ஒரு மச்சம், அட, நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாயா… "ஒண்ணே ஒண்ணு பாடிப் பாத்துக்கட்டுமா?" "தாராளமா." மூன்றாவது அங்கத்தில் ஒத்திகைதோறும் தடுக்கிவிடுகிற அந்த உச்சக் குரலைத்தான் எடுத்தான், அரைக்குரலில் என்றுதான் நினைத்தான், அது தானாக வாயைத் திறந்துகொண்டு முழுசாக வெளியே வந்தது, அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது, பக்கத்து நாற்காலியில் நுரைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர் "என்னாச்சு, என்னாச்சு" என்று எழுந்தேவிட்டார். "நல்ல வேளை, நான் கத்திய கீழ வெச்சதுக்கு அப்புறம் பாடினீங்க" என்றார் சவரக்காரர். வந்துவிட்டதே, எப்படி வந்தது, சூடா, தாடையா, இல்லை பயப்பட மறந்துபோனதா, எதுவாகவோ இருக்கட்டும், சாயங்காலமும் வந்தால் போதும்… வரும், கண்டிப்பாக வரும்!

கதவைத் திறந்தால் தெரு முழுக்கக் காற்று, அத்தனையும் அவன் முகத்துக்கே என்று வந்து மோதியது, வாசலுக்கு நாலடி தள்ளி வீட்டுக்காரி சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், புது முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறாள், திருடி. "ஐயோ, யாரு இது, எங்க வீட்டுக்காரர காணோமே" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள், எட்டிப் பார்த்தாள், பிறகு மெல்ல வந்தாள். அவன் நடைபாதையிலேயே மண்டி போட்டான், ராஜாவாவது ஒன்றாவது, அந்தக் கை ஜில்லென்று அவன் கன்னத்தில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "வழவழன்னு இருக்குப்பா" என்றாள், மூக்கைத் தொட்டாள், உதட்டுக்கு மேலே தடவினாள், முகவாயில் அந்த மச்சத்தைக் கண்டுபிடித்து அழுத்திப் பார்த்தாள், அங்கிருந்து கை கீழே இறங்கி, கழுத்துக்குச் சற்று மேலே, அப்படியே நின்றது. சூடான அடுப்பைத் தொடப் போய் நிறுத்துவது போல. பிறகு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "ஏம்மா?" "அப்பா தொண்டைய தொடக் கூடாதுல்ல" என்றாள், எல்லோரும் அறிந்த விஷயம் ஒன்றைச் சொல்வது போல. யார் சொன்னது அவளிடம், நானா, எப்போது, தூக்கச் சொல்லி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாளே… கட்டிக்கொள்வாளா, தோளைப் பிடித்துக்கொள்வாள், ஆமாம், எப்போதும் தோளைத்தான், நான் அதைக் கவனித்ததே இல்லையா? வீட்டுக்காரி இப்போது சிரிக்கவில்லை, கடைக் கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரல் கம்மிப்போயிருந்தது, காட்சி இருக்கும் நாளில் அது கம்மக் கூடாது. "தொடலாம்மா, ஒண்ணும் ஆகாது, தொடு" என்றான்.

சின்னவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.