ஆட்டுக் கொட்டாயில் நல்ல வெளிச்சம்

திண்டிவனத்துக் கல்யாண மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் அம்சவள்ளி வந்தாள். கிளியனூரிலிருந்து வேன் பிடித்து வந்த சனம் கைதட்டியது. புருசன் சவுரிராயன் விசிலே அடித்தான். மூன்றாவது வரிசையில் இருந்த அம்சவள்ளிக்கு வெட்கம் தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சென்னையில் ஒரு பேஷன் பத்திரிகை. அட்டைப்படத்தில் நடிகை போட்டிருந்த ரவிக்கைக்கு ஆரி வேலை செய்தவள் இவள்தான். பத்திரிகைக்குப் பின்னால் உழைக்கிறவர்களைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று ஒரு டைரக்டர் பெண் வந்தபோது, வீட்டைக் கழுவிவிட்டு, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டு நின்றாள். "வீட்டுல லைட் சரியில்லம்மா. அந்தக் கொட்டாயில உக்காருங்க. சேலையும் தினம் கட்டுறதே போதும்" என்றாள் அந்தப் பெண். படம் பிடிக்கிறவர்களுக்கு வெளிச்சம் பற்றித் தெரியாதா? ஆடுகளை வெளியே கட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

இப்போது திரையில் ஒரு கனத்த குரல் சொன்னது: "இதுதான் அம்சவள்ளியின் வீடு."

கைதட்டல் நின்றது. பக்கத்து வீட்டு வேணி பின்வரிசையிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "இன்னாடி அம்சா, நீ இங்க குடியிருந்தா ஆடுங்க மாடியிலயா குடியிருக்குது?" வேனில் வந்த மொத்தப் பேரும் சிரித்தார்கள்.

கண்ணுங்களா, அந்த வீடு லேசில் வந்ததா? ஏரிக்கரைப் புறம்போக்கில், மழைக்கு மழை ஒழுகின குடிசையில் கிடந்தவள். ஊரான் கரும்பை வெட்டி, ராவும் பகலும் ஊசி குத்தி, ஒவ்வொரு சுவராக எழுப்பினாள். அதை ஒரு தரம்கூடக் காட்டவில்லை.

படம் முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் மைக்கை வாங்கினாள்.

"அது எங்க வீடு இல்லீங்க. ஆட்டுக் கொட்டாய். பக்கத்துலயே கீது எங்க வீடு, தளம் போட்டு, டைல்ஸ் போட்டு. அங்க உக்காந்துக்கினுதான நீ காபி குடிச்ச பாப்பா?"

டைரக்டர் பெண் சிரித்தாள். "அம்மாவோட இன்னொசன்ஸைப் பாருங்க!" முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

"சிரிக்கிறதுக்குச் சொல்லல. அத்த மாத்துங்க."

மைக்கை யாரோ அதற்குள் அணைத்திருந்தார்கள்.

திரும்பும்போது வேணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மல்லாட்டைக் கடலையை உரித்து அவள் மடியில் போட்டுக்கொண்டே வந்தாள்.

ஊரில் இறங்கியதும் அம்சவள்ளி வீட்டுக்குள் போகவில்லை. பொன்னாடையைக் கொண்டுபோய்க் கொட்டாய் வாசலில் திரையாகக் கட்டினாள். சாயங்கால வெயில் உள்ளே நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. தாய் ஆடு வந்து முகர்ந்து பார்த்தது. சரிகை ஓரத்தைக் கடித்து மென்று தின்னத் தொடங்கியது. அவள் விரட்டவில்லை.