நாலே நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாததுமாக, பல் டாக்டர் ஈரத் தரையில் குப்புறப் படுத்திருந்தார். முழங்கைக்குக் கீழே பழைய கோணிப்பை. கேமரா லென்ஸுக்கும் கொடியின் இலைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. அந்த இலையில் அரிசி நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. அதைச் சுற்றி எறும்புகள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். கை மயிரிழை அசைந்தாலும் போதும், புழுவின் தலை மங்கி வால் தெளிவாகிவிடும்.

"எறும்பு அதைக் கடிக்கலையா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"கடிக்காது. புழு முதுகுல இனிப்பா ஒரு சொட்டு கசியும். அதைக் குடிச்சுட்டு எறும்பு காவல் காக்கும். வேற பூச்சி எதையும் கிட்ட விடாது."

"அப்போ சாப்பாடு போட்டு வேலைக்கு வச்சிருக்குன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். படம் கெட்டுப்போனது. அதில் அவருக்கு வருத்தமில்லை. அவள் கேலியாக ஒரு வார்த்தை பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர்களுடைய குழந்தை பிறந்த மறுநாளே இறந்துபோனது. அதற்குப் பிறகு அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். தானாக எதுவும் செய்யவில்லை. அவளை வீட்டில் தனியே விட மனமில்லாமல்தான், ஞாயிறுதோறும் பூச்சிகளைப் படம் பிடிக்கப் போகும்போது அவர் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கைவிட்ட கல்குவாரிக்குப் பின்னால் ஓடைக்கரை. அவர் எத்தனையோ முறை கடந்துபோன இடம். புழு முதலில் பட்டது என்னவோ அவள் கண்ணில்தான். அன்றிலிருந்து ஞாயிறு எப்போது வரும் என்று அவள் கேட்கத் தொடங்கினாள். கூடு கட்டிய புழு ஒருநாள் கட்டைவிரல் நகம் அளவுக்கு நீல வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தபோது, அவள் அழுதாள். நல்ல அழுகை.

பூச்சிகளைப் பற்றி ஆராயும் பேராசிரியை ஒருவருக்கு டாக்டர் அந்த நீலப் பூச்சியின் படத்தை அனுப்பினார். அவர் உடனே போனில் கூப்பிட்டார்.

"டாக்டர், இது இந்தப் பக்கம் அழிஞ்சு போச்சுன்னு நினைச்சோம். அந்தக் கொடியும் வேணும், அந்த எறும்பும் வேணும். ஒண்ணு போனாலும் இது பிழைக்காது. இடத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டாக்டர் இடத்தைச் சொல்லவில்லை. படத்தை மட்டும் புகைப்படக்காரர்கள் குழுவில் போட்டார். பாராட்டு மழையாகக் கொட்டியது. குழுவை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அதுவரை டாக்டரின் எந்தப் படத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லாத அவரே போன் செய்தார்.

"இத்தனை நாள் உங்களை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க டாக்டர்? நாலே நாலு பேர் வர்றோம். நீங்கதான் குரு, எங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவருக்குத் தன் வாயை மூடிவைக்கத் தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். போனை வைத்ததும் இடத்தை வரைபடத்தோடு அனுப்பிவிட்டார்.

"நல்ல ஆளுங்கதான். நாலு பேருதான்" என்றார் மனைவியிடம்.

"நல்லவங்க மிதிச்சா நசுங்காதாங்க?" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு குவாரி வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. நாலு பேர் ஆளுக்கு நாலு பேரிடம் சொல்லியிருந்தார்கள். ஓடைக்கரை சந்தையாகக் கிடந்தது. படத்தின் பின்னணி சுத்தமாக வர வேண்டும் என்று ஒருவர் கத்தரிக்கோலால் கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு நீலப் பூச்சியை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"கொஞ்ச நேரம் குளிர்ல வச்சா பறக்காது சார். வேணுங்கிற மாதிரி உக்கார வைக்கலாம். அப்புறம் தானா சரியாயிடும்."

அது சரியாகாது என்று டாக்டருக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாஸ்டர் அவர் தோளில் கைபோட்டு, "இவர்தான் நம்ம டாக்டர், இதைக் கண்டுபிடிச்சவர்" என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவரை நாலைந்து பேர் படம் பிடித்தார்கள்.

மனைவி அதைப் பார்த்தாள். பிறகு கொடியின் அடியில் மண்டியிட்டாள். கேமரா முக்காலிகள் ஊன்றிய இடத்தில் எறும்புப் புற்று சிதைந்து கிடந்தது. அறுந்து கிடந்த இலையில் ஒரு புழு நெளிந்தது. அதை எடுத்து மிச்சமிருந்த தண்டில் வைத்தாள். காவலுக்கு எறும்பு ஒன்றுகூட வரவில்லை. எங்கிருந்தோ வந்த குளவி ஒன்று அவள் கண்ணெதிரே அதைத் தூக்கிக்கொண்டு போனது. டாக்டர் கூப்பிட்டதும் எழுந்து அவர் பின்னால் நடந்தாள்.

மறு ஆண்டு பருவம் வந்தது. பூச்சி வரவில்லை. டாக்டர் அதே கொடியைத் தேடிப் பிடித்து ஓடைக்கரை முழுக்க நட்டார். பேராசிரியை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடியை நட்டுடலாம் டாக்டர். எறும்பை எப்படி நடுவீங்க? எறும்பே வந்தாலும் பூச்சிக்கு எங்க போவீங்க?"

அந்த ஆண்டுப் புகைப்படப் போட்டியில் மாஸ்டரின் நீல வண்ணத்துப்பூச்சிப் படம் முதல் பரிசு வாங்கியது. உணர்கொம்புகள் இருந்த கோணத்தைப் பார்த்ததுமே, படம் எடுக்கும்போது அது செத்துப்போயிருந்தது என்று டாக்டருக்குப் புரிந்தது. பரிசளிப்பு விழாவில் டாக்டரையும் பேசச் சொன்னார்கள். நடந்ததை எல்லாம் மேடையில் சொன்னார். "அந்தப் பூச்சி இப்போ அங்க இல்லை. நான் பெருமைக்கு ஆசைப்பட்டேன், அது செத்துப்போச்சு" என்றார். கூட்டம் உருக்கமாகக் கை தட்டியது. கீழே இறங்கியதும் ஓர் இளைஞன் பின்னாலேயே வந்தான்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க சார். வேற எங்கயாவது அந்தப் பூச்சி இருக்கா? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுடு" என்றார்.

கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு அவள் பேசினாள். "ஒண்ணு மேல நமக்கு நிஜமாவே பிரியம் இருந்தா, அது எனக்குத்தான் தெரியும்னு காட்டிக்கிற ஆசையை விட்டுடணும். ரெண்டும் சேர்ந்து இருக்காதுங்க. காட்டிக்கிற ஆசை முதல்ல பிரியத்தைத்தான் தின்னும், அப்புறம் அந்தப் பொருளையும் தின்னுடும். நாம அழுதா எதுவும் திரும்ப வராது. எனக்கு ஏற்கெனவே தெரியும் அது."

துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு அவளை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தபடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் அவள் வருவாள். வரச் சொன்னதால் வருவாள், அவ்வளவுதான்.